கொம்பு வைத்த கார்

எங்கள் அத்தையின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த காரின் கதவுகள் பக்கவாட்டில் திறக்காது. மேலே தூக்கும். இரண்டு கதவையும் தூக்கிவிட்டால் கொம்பு வைத்த காளை மாதிரி நிற்கும். இதை இப்போது யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். மதுரையில், அதுவும் எண்பதுகளின் தொடக்கத்தில், அப்படி ஒரு கார் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். எங்கள் பட்டறையிலிருந்துதான் வந்தது. செய்தவர் என் சித்தப்பா. நான் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. உலகத்தில் இதைவிடப் பெரிய காரியத்தை எவரும் செய்ததில்லை என்று நம்பினேன்.

அப்பா லாரிகளுக்கு கேபின் கட்டும் பட்டறை வைத்திருந்தார். ஆரப்பாளையத்தில் முன்னால் பட்டறை, பின்னால் வீடு. நாள் முழுக்கத் தகரம் தட்டும் சத்தம் கேட்டபடியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அது நின்றால்தான் எங்களுக்குத் தலைவலிக்கும். அப்பாவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. பெற்றவர்கள் முன்னாலேயே போய்விட்டதால் இருவருக்கும் அப்பாதான் எல்லாம். தம்பி பட்டறையிலேயே வேலை பார்த்தார். வெல்டிங்கில் கெட்டிக்காரன், மற்றதில் தண்டம் என்பது அவரைப் பற்றி அப்பாவின் தீர்ப்பு. தங்கை பத்தாவது முடித்துவிட்டு அம்மாவுக்குத் துணையாக வீட்டில் இருந்தாள். சித்தப்பாவை 'சின்னண்ணே' என்று கூப்பிடுவாள். அதில் மரியாதை கொஞ்சம், கேலி நிறைய.

அந்தக் காரை, மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் டிங்கரிங் வேலைக்காக விட்டுவிட்டுப் போயிருந்தார். போனவர் திரும்பவில்லை. சில மாதம் கழித்து ஓர் ஆள் வந்து, முதலாளி இறந்துபோனார், பிள்ளைகளுக்குக் கார் வேண்டாமாம், நீங்களே உடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். மேலே கூரை கிடையாது. மழைக்கு இழுத்துக்கொள்ள ஒரு கித்தான் இருந்தது, அதையும் எலி தின்றுவிட்டது. கதவு இரண்டும் துருப்பிடித்துக் கீலோடு கழன்று தனியாகக் கிடந்தன. அப்பா அதை எடைக்குப் போடச் சொன்னார். சித்தப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பார்ட்ஸ் கடைக்காரர் கொடுத்த காலண்டர் ஒன்று பட்டறைச் சுவரில் தொங்கியது. அதில் ஏதோ ஒரு சீமைக் கார், இரண்டு கதவையும் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நின்றது. தேதி கிழித்து முடிந்த பிறகும் அந்தப் படத்தை எடுக்க சித்தப்பா விடவில்லை. எப்படியும் கதவுக்குப் புதுக் கீல் போட வேண்டும், போடுகிற கீலை அப்படிப் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். மாப்பிள்ளை ஊர்வலங்களில் அவர் பார்த்திருக்கிறார். மண்டப வாசலில் கார் நின்றதும் சுற்றிலும் மேளக்காரர், லைட் தூக்குகிறவர், ஆரத்தித் தட்டோடு பெண்கள் என்று நெருக்கியடித்து நிற்பார்கள். கதவைத் திறக்க இடமிருக்காது. திறந்தால் யாராவது ஒருவர் முழங்காலில் இடிக்கும். கதவு மேலே போய்விட்டால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை, மாப்பிள்ளை ராஜா மாதிரி இறங்கலாம்.

அந்த நேரத்தில்தான் அத்தைக்கு இடம் கூடிவந்தது. மாப்பிள்ளை அலங்காநல்லூர்க்காரர், கரண்ட் ஆபீஸில் உத்தியோகம். எங்கள் வகையில் மாதச் சம்பளக்காரன் மாப்பிள்ளையாகக் கிடைப்பது லேசில் நடக்காது. அதனால் அவர்கள் பேசும்போதெல்லாம் அப்பா சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். பட்டறையில் ஒரு போல்ட் குறைந்தால் தெருவே அதிரக் கத்துகிற மனுஷர், அவர்கள் வந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அப்பா நடிக்கிறார் என்று நினைத்தேன்.

சித்தப்பா தன் தங்கையின் மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வருவார் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் சாப்பிட வருவதே அபூர்வமானது. முதலில் அட்டையை வெட்டிக் கதவு மாதிரி செய்து, ஆணியில் குத்தி, மேலே தூக்கித் தூக்கிப் பார்த்தார். அப்படியே தூக்கினால் கதவின் முன்மூலை காரின் உடம்பில் இடித்தது. ஒரு விரற்கடை வெளியே வந்த பிறகுதான் மேலே போக வேண்டும். அதற்காகக் கீலைச் சாய்வாக வைத்தார். கீல் உட்காரும் இடத்தில் தகரம் மெலிசு என்பதால் லாரி சேஸிஸ் துண்டை வெட்டி வைத்து வெல்டிங் அடித்தார். கதவின் கனத்தைத் தாங்க, மூடிப்போன ஒரு கடையின் ஷட்டர் ஸ்பிரிங் கிடைத்தது. கதவைக் கழற்றி அரிசிக் கடைத் தராசில் தூக்கி வைத்து எடை பார்த்து, அதற்குத் தக்கபடி ஸ்பிரிங்கை வெட்டினார். கடைசியில் கதவு ஒரு விரலால் தூக்கினால் மேலே போனது. போய் அங்கேயே நின்றது.

நின்றாலும் அவருக்குத் திருப்தி இல்லை. ஸ்பிரிங் கதவை நிறுத்தும், ஆனால் ஓர் ஆள் இடித்தாலும் இறங்கிவிடும். அதற்காகக் கீலின் அடியில் ஒரு கொக்கி வைத்தார். கதவு உச்சிக்குப் போனதும் கொக்கி டக்கென்று ஒரு துளையில் விழுந்து பிடித்துக்கொள்ளும். பிறகு யார் இடித்தாலும் அசையாது. அதைப் பரிசோதிக்க என்னைத்தான் பிடித்தார். தூக்கி நின்ற கதவின் நுனியைப் பிடித்துத் தொங்கச் சொன்னார். நான் தொங்கினேன், ஆடினேன், கத்தினேன். கதவு ஒரு நூல் இறங்கவில்லை. அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "சின்னண்ணே, பிள்ளையக் கொல்லப் போறியா?" என்று அவர் முதுகில் ஒன்று போட்டாள். சித்தப்பா என்னை இறக்கிவிட்டு, "கொக்கி விழுந்துட்டா யானை தொங்கினாலும் விழாது" என்றார். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார்.

நிச்சயம் முடிந்த மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. ஆனால் பட்டறைக்கு வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. காரைப் பார்க்க வந்தேன் என்று ஒரு சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒல்லியாக, எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலையோடு, பார்க்கப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தார். சித்தப்பா கதவைத் தூக்கிக் காட்டினார், இறக்கிக் காட்டினார், கொக்கியைக் காட்டினார். மாப்பிள்ளையும் குனிந்து குனிந்து பார்த்தார். ஆனால் வீட்டுப் பக்கம் பார்க்கிற மாதிரியான இடமாகப் பார்த்துத்தான் குனிந்தார். காபியை என்னிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அத்தையே கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு, "கார் நல்லாருக்கா?" என்று மாப்பிள்ளை கேட்டார். அவர் அவளோடு பேசிய முதல் பேச்சு அது.

"மழை பேஞ்சா நனையணும்" என்றாள் அத்தை.

"நனைவோம்" என்றார் அவர்.

அத்தை உள்ளே போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சித்தப்பாவிடம் கார் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். ஒரு ஓட்டைக் காரைப் பற்றி இவளுக்கு ஏன் இம்புட்டு அக்கறை என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் ஊர்வலம். மண்டபத்தில் மத்தியானத்திலிருந்தே சொந்தக்காரர்கள் வந்து குவிந்திருந்தார்கள். கொட்டாம்பட்டியிலிருந்து அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தமான ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். கடலைக் காடு வைத்துப் பிழைக்கிறவர், முன்வழுக்கை, போன வருஷம்தான் மனைவியைப் பறிகொடுத்திருந்தார். அவருடைய மகளுக்கு என் வயது. நாங்கள் இருவரும் மண்டபத்து ஜமுக்காளத்தில் உருண்டு விளையாடினோம். அவர் ஒரு தூணில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வாய்க்குள் நூல் விட்டுப் பார்க்கலாமா என்று நாங்கள் யோசித்ததுகூட நினைவிருக்கிறது.

நானும் அந்தப் பெண்ணும் ஊர்வலம் பார்க்கக் கோயிலுக்கு ஓடினோம். சிவப்பு பெயின்ட் அடித்து, பாலிஷ் போட்டு, கார் பளபளவென்று நின்றது. சித்தப்பா புதுச் சட்டையோடு ஸ்டியரிங் பக்கம் நின்றார். கதவுகள் இரண்டும் மேலே தூக்கியிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அலங்காநல்லூர்க்காரர்கள், வீட்டில் காளை வளர்க்கிறவர்கள். காரைப் பார்த்த மாத்திரத்தில் இளவட்டங்கள் எல்லோரும் ஒரே குரலில் கூச்சல் போட்டார்கள். இரண்டு கொம்பு நிமிர்ந்து நிற்கிறது, அதை வெறுமனே விட அவர்களுக்கு எப்படி மனசு வரும்? மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் கட்டுவது போலக் கதவில் மாலை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றல்ல இரண்டல்ல. மார்க்கெட்டிலிருந்து கூடை கூடையாக வந்த ரோஜா, சம்பங்கி, மருக்கொழுந்து மாலைகள். வெயிலில் வாடாமல் இருக்க எல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்தவை. சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கதவின் நுனியில் சுற்றினார்கள், நடுவில் சுற்றினார்கள், அடியில் கீலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள்.

சித்தப்பா முகம் மாறியது. கதவின் கனத்துக்கு, காற்றுக்கு, ஆள் இடித்தால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் அவர் யோசித்திருந்தார். பூவுக்கு யோசிக்கவில்லை. அதைவிட மோசம், மாலை கட்ட வசதியாக யாரோ கொக்கியை விடுவித்து, கதவைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்துக் கட்டிவிட்டு மறுபடி மேலே தள்ளியிருக்கிறார்கள். அடியில் சுற்றிய மாலை கொக்கிக்கும் துளைக்கும் நடுவில் திணிந்துகொண்டது. கொக்கி விழவில்லை. சித்தப்பா குனிந்து விரல் விட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் ஓடிவந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அண்ணே, கொக்கி விழலண்ணே. அடி மாலைய மட்டும் அவுக்கச் சொல்லுங்க."

அப்பா பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் திரும்பினார். பெரிய மீசைக்காரர். அந்த மாலைகளை வாங்கி வந்தவர் அவர்தான். "என்ன சம்பந்தி, எங்க பூவு கனக்குதாக்கும் ஒங்க காருக்கு?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சித்தப்பாவின் முழங்கைக்கு மேலே பிடித்து அழுத்தினார். அந்த விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்தினார்.

"மாப்ள வீட்டுப் பூவுல நாம கை வைக்கிறதா? விடுடா. ரெண்டு தெருதான?"

அப்படியானால் கதவை இறக்கி மூடிக்கொண்டாவது போகலாம் என்று சித்தப்பா கேட்டார். இளவட்டங்கள் விடவில்லை. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு போகிற காளை உண்டா என்றார்கள். மாப்பிள்ளை வந்து ஏறினார். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

ஊர்வலம் நகர்ந்தது. கார் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போனது. சித்தப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் பக்கத்துக் கதவையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பள்ளம் மேடு வரும்போதெல்லாம் அந்தக் கதவு தலையாட்டியது. தெருவில் இருந்தவர்கள் மாடியிலிருந்து கைதட்டினார்கள். நான் அந்தக் கொட்டாம்பட்டிப் பெண்ணிடம், இது எங்க சித்தப்பா செஞ்ச கார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மண்டப வாசலில் கார் நின்றது. ஆரத்தித் தட்டோடு அம்மா நின்றாள். அப்பா மாலையோடு நின்றார். மீசைக்காரர் கடைசியாக ஓர் ஆளுயர மாலையைக் கொண்டுவந்து மாப்பிள்ளை இறங்குகிற பக்கத்துக் கொம்பில் போட்டார். சித்தப்பா தன் பக்கமாகக் குதித்து, காரின் முன்னால் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். "இறங்காதீங்க, இறங்காதீங்க" என்று அவர் கத்தியதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை இரண்டு காலையும் வெளியே போட்டு, எழுந்திருப்பதற்காகக் காரின் விளிம்பில் கையை ஊன்றினார். அவர் எழுந்ததும் கார் அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தது. கதவு இறங்கியது.

வெளியே தெரிந்ததெல்லாம் பூதான். மாப்பிள்ளை பூவுக்குள் கையை விட்டுக்கொண்டு குனிந்து நிற்கிற மாதிரி இருந்தது. முகத்தில் அதுவரை இருந்த சிரிப்புகூடப் போகவில்லை. பிறகு அவர் வாய் கோணியது. சித்தப்பா கதவின் அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினார். அத்தனை மாலையோடு அதைத் தூக்குவது ஓர் ஆளால் ஆகிற காரியமில்லை, எப்படியோ தூக்கினார். மாப்பிள்ளை கையை வெளியே எடுத்ததும் அம்மா ஆரத்தித் தட்டைக் கீழே போட்டாள். முன்னால் இருந்த நாதஸ்வரக்காரருக்கு விஷயம் தெரியாததால் அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் எந்தக் கல்யாணத்திலாவது அந்த வாசிப்பு கேட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

துண்டால் கையைச் சுற்றி, அவர்கள் வந்த வேனிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சித்தப்பாவும் ஏறிக்கொண்டார். அவரை இறக்கிவிடப் பார்த்தார்கள். "மச்சான் வரட்டும்" என்று மாப்பிள்ளையே சொன்னார். வேன் போன பிறகு, அவருடைய அம்மா மண்டப வாசலில் மண்ணில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், "வாசல்லயே ரத்தங் காட்டிட்டாளே, உள்ள போனா என்னத்தக் காட்டுவாளோ" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய வெகுநேரம் ஆனது. அத்தையைச் சொன்னாள். அத்தை அந்த நேரம் மணமகள் அறையில் உட்கார்ந்து சடை தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெளியே நடந்தது எதுவும் தெரியாது. "அத்த இங்கிட்டு வரவே இல்ல, உள்ளதான் இருக்கு" என்று நான் அந்த அம்மாளிடம் போய்ச் சொன்னேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைப் பற்றிப் பேசினார்கள், ராசியைப் பற்றிப் பேசினார்கள். மாலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மீசைக்காரர் தூரத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, எங்க தப்புதான், எங்க தப்புதான் என்று அவர்கள் ஒவ்வொருவரிடமும் கைகூப்பிக்கொண்டே போனார். அந்த நேரத்தில் அவரை நான் வெறுத்தேன். தங்கச்சியை எப்படியாவது கரையேற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் ஒரு மனுஷன் அப்படிக் குனிய முடியும் என்பது பிறகு தெரிந்தது. அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. அவர்கள் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் அழுது அழுது ஜமுக்காளத்தில் தூங்கிப்போனேன்.

காலையில் மேளச் சத்தம் கேட்டு விழித்தேன். அம்மா எனக்குப் பாவாடையைக் கட்டிவிட்டாள். அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன. மணமேடையில் அத்தை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கொட்டாம்பட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

பந்தக்கால் நட்ட பிறகு குறித்த முகூர்த்தத்தில் தாலி ஏறாவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பிறகு ஏறவே ஏறாது என்பது எங்கள் ஆட்களின் பயம். அதனால் வந்திருக்கிற கூட்டத்தில் முறைக்காரன் எவன் இருக்கிறான் என்று பார்த்திருக்கிறார்கள். தூணில் சாய்ந்து தூங்கியவரை எழுப்பியிருக்கிறார்கள். அவரையும் சும்மா சொல்லக் கூடாது. பிள்ளைக்குட்டிக்காரன், எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் இம்புட்டு வயசு வித்தியாசம் இருக்கே என்று ரொம்ப நேரம் மறுத்தாராம். கடைசியில் அப்பா அவர் காலில் விழுந்தாராம். அத்தையை யாரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நின்றுபோன கல்யாணம் நடக்கிறது. விருந்து வீணாகவில்லை. நேற்று முழுக்க என்னோடு விளையாடிய பெண் இனிமேல் எங்களுக்கு நெருங்கிய சொந்தம். பெரியவர்கள் நினைத்தால் எதையும் சரிசெய்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நானும் அந்தப் பெண்ணும் முதல் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது, மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்தார். புதுச் சட்டை முழுக்கக் கறை. மேளச் சத்தம் ஏன் கேட்டது என்று என்னிடம் கேட்டார். கல்யாணம் முடிந்துவிட்டது என்று நான் சொன்னேன். யாரோடு என்றும் சொன்னேன். அதற்குள் அப்பா வந்துவிட்டார். சித்தப்பா அப்பாவின் சட்டையைப் பிடித்தார். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்று நடந்தது அதுதான் முதலும் கடைசியும்.

"மாப்ள விடியத்தான் கண்ணு முழிச்சாரு. முகூர்த்தத்துக்கு நான் வந்துருவேன்னு சொல்லச் சொன்னாருண்ணே. மூணு விரல எடுத்துட்டாக. கட்டோட வாரேன், தாலி முடிச்ச எங்க அக்கா போடட்டும், ஒங்க தங்கச்சிகிட்டச் சொல்லுங்கன்னாரு. ஆஸ்பத்திரி வாசல்ல பஸ் இல்லண்ணே. ஓடியாந்தேன்."

 அப்பா தன் சட்டையிலிருந்து சித்தப்பாவின் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "இத அவகிட்டச் சொல்லிராத" என்றார். என்னைப் பார்த்து, "நீயுந்தான்" என்றார்.  

அந்தக் கார் மண்டபத்துப் பக்கத்துச் சந்தில் பல நாள் கிடந்தது. மாலைகள் அதிலேயே காய்ந்தன. சித்தப்பா அதற்குப் பிறகு வெல்டிங் ராடைக் கையில் எடுக்கவில்லை. திருச்சிப் பக்கம் லாரி ஓட்டப் போனார், வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். அத்தை கொட்டாம்பட்டியில் அந்த இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினாள். புருஷனுக்கும் அவளுக்கும் சண்டை என்று ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்தச் செய்தி அவளுக்கு எப்போதாவது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

கல்யாணத்தன்று மத்தியானமே பெண்ணை அனுப்பிவைத்தார்கள். ஒரு வேன் பேசி, அத்தையுடைய டிரங்குப் பெட்டியையும் பாத்திரங்களையும் ஏற்றினார்கள். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வேன் கிளம்பும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஏறிக்கொண்டேன். மற்றவர்கள் எல்லோரும் கீழே நின்று, யார் எதில் வருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேனுக்குள் நாங்கள் இருவர்தான். அத்தை அழவில்லை. அவள் என் பாவாடை நுனியைப் பிடித்து மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, மிக மெதுவாகக் கேட்டாள்.

"அவுகளுக்கு எந்தக் கைடி?"

யாருக்கு என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும், "வலது கை" என்றேன். "மூணு விரலு போச்சாம்." அப்பா சொல்லக் கூடாது என்றது வேறு விஷயம், இதைச் சொல்லலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு.

அத்தை என் பாவாடையை விட்டுவிட்டுத் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தாள். கை முழுக்க மருதாணி நன்றாகப் பிடித்திருந்தது.

"இனிச் சோத்த ஆரு பெசஞ்சு குடுப்பா?" என்றாள்.

இது ஒரு கேள்வியா என்று எனக்குத் தோன்றியது. "அவுகம்மா இருக்காகள்ல, அத்த" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள். கீழே என்னைக் கூப்பிட்டார்கள். அவளுடைய கவலையைத் தீர்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் நான் வேனிலிருந்து குதித்து இறங்கினேன்.